காற்றுமொட்டையில் எடுத்த பெட்டி

தான் எடுத்தது குப்பை இல்லை என்று இசக்கிசெல்விக்குத் தெரியவர மூன்று மாதம் ஆயிற்று.

கேரளத்துக் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனி. அதன் நாலு மாடிக்கும் அவள்தான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பதினாறு வருஷமாகத் திருவனந்தபுரத்துத் தண்ணீரைக் குடிக்கிறாள். போன நவம்பரில் கம்பெனிக்காரர்களுக்குத் திடீரென்று காட்டின் மேல் பாசம் பொங்கிவிட்டது. டிசம்பரில் பாதை திறப்பதற்கு முன்னால் மலையைச் சுத்தம் செய்யப்போகிறோம் என்று தனி அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, முப்பது பேருக்குப் பச்சை டீ-ஷர்ட் அடித்தார்கள். முதுகில் 'தன்னார்வலர்' என்று கொட்டை எழுத்து. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எட்டுப் பேருக்கும் அதே சட்டைதான். ஆர்வம் இருக்கிறதா என்று மட்டும் அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. போகட்டும்.

வித்துரா தாண்டி, போணக்காடு எஸ்டேட்டும் தாண்டி, காட்டுக்குள் நாலு மணி நேரம் நடந்தால் காற்றுமொட்டை வரும். இடுப்பளவு புல் மண்டிய ஒரு மேடு, அதன் நடுவே மொட்டைத்தலை மாதிரி ஒரு பாறை. அதுதான் உச்சி. ஆபீஸ்காரர்கள் புல்மேட்டோடு நின்று நாலு பாட்டிலைப் பொறுக்கி நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கயிறு கட்டிப் பாறைமேல் ஏறியது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இசக்கிசெல்வி ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடுகிற ரகம் இல்லை. கட்டிலுக்கு அடியில் பெருக்குகிறவள் பாறை வெடிப்பை விடுவாளா? ஒவ்வொரு வெடிப்பிலும் கையை விட்டுத் துழாவினாள். மிட்டாய்த் தாள், சிகரெட் அட்டை, ஒற்றைச் செருப்பு. கடைசியாக ஒரு வெடிப்பில், தோள்வரைக்கும் கை போன பிறகு, ஒரு பெட்டி அகப்பட்டது. நாலு பக்கமும் கொக்கி மாட்டி மூடுகிற சாப்பாட்டு டப்பா. மேலே பச்சையும் பழுப்புமாக டேப் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு பொம்மைக் கார், ஒரு சாவி வளையம், எந்த நாட்டுடையதோ ஒரு நாணயம், கம்பிச்சுருள் போட்ட ஒரு சின்ன நோட்டு. எந்தப் பிள்ளை மறந்துவிட்டுப் போனதோ, அழுதிருக்குமே என்று நினைத்தாள்.

வேறு யாராக இருந்தாலும் சாக்கில் போட்டிருப்பார்கள். இவள் எழுத்து இருக்கிற எதையும் குப்பையில் போடமாட்டாள். ஆபீஸ் மூன்றாம் மாடியில் அவளுடைய அலமாரி ஒன்று உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் குடை, மூக்குக்கண்ணாடி, டிபன் பாக்ஸ் எல்லாம் அதில்தான், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி. பெட்டியையும் அங்கே வைத்தாள். சீட்டில் 'மலை உச்சி, நவம்பர்' என்று எழுதினாள். அவ்வளவோடு அதை மறந்தும் போனாள்.

பிப்ரவரியில் சுமந்த் என்கிற பையன் தொலைந்துபோன இயர்போனைத் தேடி அந்த அலமாரிக்கு வந்தான். பையன் என்றால் முப்பத்திரண்டு வயது, கரமனை அக்ரஹாரத்துக்காரன், ஐந்தாம் வரிசை மேஜை. அலமாரியைத் திறந்ததுதான் தாமதம், பேயறைந்தவன் மாதிரி நின்றுவிட்டான்.

"செல்விக்கா! இது என்னோடதாக்கும்!"

"அடையாளம் சொல்லுங்க சார்." மேனேஜரே வந்தாலும் அவளிடம் அதுதான் சட்டம்.

"ஒரு செவப்புக் கார், முன் சக்கரம் கிடையாது. தாய்லாந்துக் காசு. நோட்டுல மொதப் பக்கத்துல என் கையெழுத்து. இருபத்திமூணு பேர் பேரெழுதி ஒப்பு வச்சிருக்கா."

எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் அவன் அந்த விளையாட்டைச் சொன்னான். ஜியோகேச்சிங் என்று பேராம். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு ஆப்பில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். கண்டுபிடித்தால் நோட்டில் பேர் எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். காற்றுமொட்டைப் பெட்டியை ஆறு வருஷத்துக்கு முன்னால், வனத்துறையில் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, சுமந்த்தான் வைத்திருக்கிறான்.

வளர்ந்த ஆட்கள் கண்ணாமூச்சி ஆடுகிறார்களா என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் உடனே இன்னொன்று உறைத்தது.

"அப்ப இந்த மூணு மாசத்துல யாரும் தேடிப் போவலியா சார்?"

சுமந்த் கொஞ்சம் தயங்கினான். பிறகு போனைத் திறந்து நீட்டினான். ஒரே ஒருத்தர் போயிருந்தார். பூமாரி என்று பேர்; சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. நகரத்துக்குள் அவன் ஒளித்த மற்றப் பெட்டிகளை எல்லாம் கண்டுபிடித்தவள். ஆப்பில் தமிழிலேயே எழுதியிருந்தாள்:

'கிடைக்கவில்லை. இதற்காக இரண்டு மாதம் லீவு சேர்த்துவைத்து வந்தேன். ஒன்றரை மணி நேரம் தேடினேன். எனக்கு முன்னால் இருபத்திமூன்று பேருக்குக் கிடைத்திருக்கிறது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு.'

இசக்கிசெல்வி அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணில் கோளாறு இல்லை தாயி, என் கையில்தான் கோளாறு என்று உரக்கச் சொல்லவேண்டும் போலிருந்தது. அந்தப் பெண்ணும் தன்னை மாதிரி நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறவள்தானே. கிடைத்த ஒரே லீவில் நாலு மணி நேரம் மலை ஏறி, வெறும் கல்லைத் தடவிவிட்டு, குறை தன்னிடம்தான் என்று இறங்கிப் போயிருக்கிறாள்.

"வச்சிருவோம் சார்," என்றாள். "எடுத்தது நான். வைக்கியதும் நாந்தான்."

அது அப்படி லேசில் நடக்கிற காரியமா? மார்ச் ஒன்றாம் தேதி முதல் காட்டுத்தீக்குப் பயந்து பாதையை அடைத்துவிடுவார்கள். அப்புறம் டிசம்பரில்தான் திறப்பு. ஆப்பை நடத்துகிறவர்களும் நோட்டீஸ் விட்டிருந்தார்கள்: பெட்டி இருக்கிறதா என்று மாதக் கடைசிக்குள் போய்ப் பார்த்து எழுது, இல்லாவிட்டால் பக்கத்தை மூடிவிடுவோம் என்று. ஒரு தடவை மூடினால் மூடியதுதான், ஏனென்றால் காட்டுக்குள் புதுப்பெட்டி எதற்கும் வனத்துறை இப்போது அனுமதி தருவதில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்குத்தான் சுமந்த் இரண்டு பேருக்குப் பாஸ் எடுத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு மணி நேரம் சுமந்த் வீராப்பாகத்தான் நடந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் ஆடு மாதிரி ஏறினேனாக்கும் என்று நாலு தடவை சொன்னான். ஆறு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆடு என்ன ஆகும் என்று, சிறுமூங்கில் மண்டிய ஈற்றைக்காடு முடிந்து ஏற்றம் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. பத்தடிக்கு ஒரு தடவை இடுப்பில் கை வைத்தான். வழிகாட்டியாக வந்த வேலப்பன் வனத்துறையின் வாட்சர், ஐம்பது வயசு. கையில் ஒரு வெட்டுக்கத்தி, காலில் ரப்பர் செருப்பு. மூச்சே வாங்காமல் முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தார்.

இசக்கிசெல்வி ஒரே சீராக ஏறினாள். பெட்டியைத் துப்பட்டாவில் சுற்றி முதுகோடு கட்டியிருந்தாள். போன தடவை எட்டுப் பேர் சிரித்துப் பேசி ஏறியது. இந்தத் தடவை ஒவ்வொரு அடியும் கணக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. யானை விட்டை கிடந்த இடத்தில் வேலப்பன் கையை உயர்த்தி நிறுத்தியபோது மட்டும் நின்றாள். மற்றபடி நிற்கவில்லை.

உச்சிப் பாறையின் அடிக்கு வந்துசேர்ந்தபோது பன்னிரண்டு பத்து.

"ஒரு மணிக்கு இங்க இருந்து எறங்கணும் கேட்டோ," என்றார் வேலப்பன். "அஞ்சு மணிக்குள்ள செக்போஸ்டுல ஒப்பு வெக்கலேங்கில் எனக்காணு பிரச்னை."

சுமந்த் பாறையை அண்ணாந்து பார்த்தான். வலது காலைத் தூக்கி முதல் பள்ளத்தில் வைத்தான். வைத்த மாத்திரத்தில் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகியிருந்தது. வேலப்பன் பிடித்து நீவிவிட்டார். இரண்டாம் தடவை எழுந்தான். இரண்டாம் தடவையும் உட்கார்ந்தான்.

"முடியலை. இதோட மதி, போதும், செல்விக்கா," என்றான். "இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. பெட்டியைத் திரும்பக் கொண்டுபோயிடலாம். பெட்டி பத்திரமா இருக்குன்னு ஆப்ல எழுதிடறேன். நாளன்னிக்கு பாதை அடைச்சா டிசம்பர் வரைக்கும் ஒருத்தரும் வரப்போறதில்லை. நாம டிசம்பர்ல மொத ஆளா வந்து வச்சுடலாம். யாருக்குத் தெரியப்போறது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. போன தடவை மாதிரிக் கயிறு இல்லாமல் அந்தப் பாறையைப் பார்க்கும்போது, அவளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறதே என்ற நினைப்பு வராமலா இருக்கும்?

"டிசம்பர்ல நமக்கு முன்னால வேற ஆளு வந்துட்டா?"

"வரமாட்டா, கேட்டேளா. சான்ஸே இல்லை."

"நவம்பர்ல நானும் அப்படித்தான் சார் நெனைச்சேன். இந்த டப்பாவ எவன் தேடப்போறான்னு." அவள் துப்பட்டா முடிச்சை இறுக்கினாள். "இருக்குன்னு நீங்க எழுதுவிய. அத நம்பி இன்னொருத்தி லீவு போட்டு வருவா. கையவிட்டுப் பாத்துட்டு அவளும் தன்னையே திட்டிக்கிட்டு எறங்குவா. ஒருத்தி பாவமே எனக்குத் தாங்கல. நீங்க இருங்க, நான் வச்சிட்டு வாரேன்."

"எடம் எங்கேன்னு சரியாத் தெரியுமா?"

"தெரியாது. போனைக் குடுங்க."

வேலப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பிறகு ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "வா சேச்சி. நான் கால் வெக்கிற எடத்துல மாத்ரம் வை. கீழ பாக்கண்டா."

அவள் கீழே பார்க்கவில்லை. வேலப்பனின் குதிகால் வெடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினாள். பாறை அடுப்பில் போட்ட தோசைக்கல்லாகக் கொதித்தது. பாதியில் ஒரு காற்று வந்து அவளைப் பாறையோடு அறைந்தது. இந்த மலைக்கு ஏன் இந்தப் பேர் என்று அப்போதுதான் புரிந்தது. இடது கால் வழுக்கி முழங்கால் உரசிக்கொண்டு போயிற்று. சுடிதார் கிழிந்து ரத்தம் வந்தது. "எசக்கியம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவுதான். அடுத்த பள்ளத்தைக் கையால் தேடிப் பிடித்தாள்.

உச்சிக்கு வந்தபோது பன்னிரண்டு முப்பது. இறங்குவதற்குக் கால் மணி போனால், தேடுவதற்குப் பதினைந்து நிமிஷம்.

போனில் அம்புக்குறி நாலு மீட்டர் என்று காட்டியது. அவள் நாலு எட்டு வைத்தாள். ஒன்பது மீட்டர் என்றது. திரும்பி வந்தாள், பதினொன்று. எந்திரத்துக்கே தலைசுற்றல் போல. சுற்றிலும் பார்த்தால் எல்லாம் வெடிப்பு. ஏழோ எட்டோ, ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அன்றைக்கு எல்லாவற்றிலும்தான் கையை விட்டாள். பெட்டி இருந்தது எதில்?

"சாரே! ஏது பாகம்?" என்று வேலப்பன் குனிந்து கத்தினார்.

"கெழக்கு! இல்லை, தென்கெழக்கு!" கீழேயிருந்து குரல் வந்தது. "நெனவில்லை! ஆறு வருஷமாச்சு!"

"ஏதெங்கிலும் ஒண்ணுல வெச்சிட்டு வா சேச்சி," என்றார் வேலப்பன். "எல்லாம் பாறையாணு."

"எண்ணு தப்பிப்போவும் அண்ணே. எடுத்த எடத்துலதான் வைக்கணும்."

அவள் போனை இடுப்பில் செருகினாள். கண்ணை மூடி நின்றாள். எண்ணுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் போகட்டும், உடம்புக்கு ஞாபகம் இருக்குமே. அன்றைக்கு எப்படி எடுத்தாள்? குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை விட்டு. அப்படி விடவேண்டுமானால் முகத்தை இடது பக்கம் திருப்பித்தான் ஆகவேண்டும். கன்னம் பாறையில் ஒட்டிச் சுட்டது. அப்போது கண்ணுக்கு நேராக என்ன தெரிந்தது? தண்ணீர். தூரத்தில், இரண்டு கல்லுக்கு இடையில், பேப்பாறை அணைத் தண்ணீர் ஒரு துண்டு பளபளத்தது. தாகத்தில் அதைப் பார்த்துக்கொண்டேதான் துழாவினாள்.

முதல் வெடிப்பில் படுத்தாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வெறும் புல். எழுந்தாள். இரண்டாவதில் படுத்தாள். எதிரே பாறைச் சுவர். மூன்றாவது, நாலாவது. வேலப்பன் இந்தப் பெண்ணுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டார். ஐந்தாவதில் படுத்து முகத்தைத் திருப்பினாள். இரண்டு கல், நடுவே ஒரு துண்டுத் தண்ணீர்.

"இதான்! இதுதான் அண்ணே!"

படுத்த வாக்கிலேயே கையை உள்ளே விட்டாள். பெட்டிக்கு இடம் இருக்கிறதா, பாம்பு பல்லி ஏதாவது குடியேறியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். அடியில், ஒரு கூழாங்கல்லுக்குக் கீழே, என்னவோ தட்டுப்பட்டது. இழுத்தாள். நூல் கோத்த ஒரு சின்ன அட்டை. துணிக்கடையில் சேலையில் தொங்குமே, அந்த விலை அட்டை. பழக்கதோஷம், மலைமேலும் குப்பையா என்று வாய்வரை வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது.

'பூமாரி, ஜனவரி 12, மணி 11.40. நான் வந்தேன். பெட்டி இங்கே எங்காவது இருந்தால் அதற்குத் தெரியட்டும்.'

இசக்கிசெல்வி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழெட்டு வெடிப்பில், எந்திரமே தடுமாறுகிற இடத்தில், அந்தப் பெண் சரியாக இந்த ஒன்றைப் பிடித்திருக்கிறாள். தோள்வரைக்கும் கையை விட்டிருக்கிறாள். ஒன்றும் இல்லாத பொந்தில் தன் பேரை வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். இசக்கிசெல்விக்கு அழுகை வந்தது. வேலப்பன் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

"சேச்சி, சமயம்."

மூக்கைச் சிந்திவிட்டுப் பெட்டியை அவிழ்த்தாள். நோட்டை எடுத்தாள். இருபத்திமூன்றாம் பேருக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து அட்டையை அதில் வைத்து, அதன் நூலை நோட்டின் கம்பிச்சுருளில் இரண்டு முடிச்சாக முடிந்தாள். இழுத்துப் பார்த்தாள். போனில் ஒரு போட்டோ எடுத்தாள்.

"சேச்சியுடெ பேரும் எழுது," என்றார் வேலப்பன்.

"நான் என்னத்தக் கண்டுபிடிச்சேன் அண்ணே? வச்சிட்டுப் போறவளுக்கு எதுக்குப் பேரு?"

நாலு கொக்கியையும் மாட்டி, குப்புறப் படுத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பெட்டியை உள்ளே தள்ளினாள். கூழாங்கல்லை முன்னால் வைத்தாள். கையை எடுக்க மனசு வரவில்லை, எடுத்தாள்.

ஏறியதைவிட இறங்குவதுதான் பாடு. கால் எங்கே போகிறது என்று தெரியாது. வேலப்பன் கீழே நின்று அவள் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு பள்ளமாக வைத்தார். சுமந்த் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு வந்து கையைப் பிடித்து இறக்கினான்.

"வச்சாச்சா?"

போனை நீட்டினாள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். அட்டையைப் படித்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரூல்படி இது சரியாகாது, செல்விக்கா. பெட்டியைக் கண்டவாளுக்குத்தான் நோட்டுல எடம். அவா பெட்டியைக் காணலையே. ஆப்லயும் கிடைக்கலைன்னுதானே இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. மூன்று மாதக் குற்றமும், நாலு மணி நேரக் காலும், கிழிந்த முழங்காலும் சேர்ந்து வந்தது.

"அவிய நாள் சரி, எடம் சரி, கை விட்ட பொந்து சரி. அவிய வரவேண்டிய எடத்துக்கு வந்துட்டாவ சார். பெட்டிதான் வரல. அது என் அலமாரில உக்காந்திருந்தது. வராததுக்கு ரூல் போடுங்க. வந்தவியளுக்கு என்ன ரூலு?"

வேலப்பன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அது ஞாயமாணு சாரே," என்றார்.

சுமந்த் பாறையைப் பார்த்தான். அவள் முழங்காலைப் பார்த்தான். மெதுவாக ஆப்பைத் திறந்தான்.

"கீழே போய் மாத்திடறேன். இங்க சிக்னல் இல்லை."

"இப்பவே எழுதி வைங்க. சிக்னல் வந்ததும் அதுபாட்டுக்குப் போவும்லா."

அவன் எழுத ஆரம்பித்தான்: இருபத்திநாலு, பூமாரி. வேலப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று பத்து. வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். இசக்கிசெல்வி சுமந்த்தின் தோளுக்குப் பின்னால் வந்து, அவன் தேதியையும் நேரத்தையும் எழுதி முடிக்கும்வரை நின்றாள். அதற்கப்புறம்தான் இறங்கினாள்.